பந்திங் களிமண்ணில் வீட்டுத் தோட்டம்: கேட்டவர்களுக்குப் பதில்

செம்பனைத் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது வேலை மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது மலேசியாவில், சிலாங்கூரின் பந்திங்கில் தாமான் எனும் குடியிருப்புப் பகுதியில் வீடு. பின்னால் கையளவு களிமண். அக்கம்பக்கத்தார் எழுதி அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, மழை பெய்தால் பின்புறத்தில் இரண்டு நாளைக்குத் தண்ணீர் நிற்கிறது. ஒரு லோரி மணல் இறக்கிக் கலந்துவிடலாமா?

வேண்டாம் தம்பி. களிமண்ணோடு கொஞ்சம் மணல் சேர்ந்தால் வெயிலில் செங்கல் மாதிரி இறுகிவிடும். குணம் மாற வேண்டுமானால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும். அவ்வளவு மணல் வாங்கும் காசுக்குத் தோட்டமே வேண்டாம் என்றாகிவிடும்.

முதலில் ஒரு முழம் அகலத்தில், ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரம் கழித்து அளந்து பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வடிகால் மோசம். என் வீட்டில் அரை விரல்தான் இறங்கியது. தாமான் கட்டும்போது கனரக இயந்திரங்கள் ஏறி இறங்கிய நிலம் இது, மேல்மண்ணையும் வழித்திருப்பார்கள். அடியில் தட்டுப் போல இறுகிக் கிடக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் நாங்கள் மண்ணைத் திருத்தப் போனதே இல்லை, தண்ணீருக்குத்தான் வழிவிட்டோம். நீங்களும் வேலியோரமாக ஒரு சாண் ஆழத்தில் சாய்வாய் ஒரு வாய்க்கால் வெட்டி லோங்காங்கில், அதாவது தெருவோர வடிகாலில் சேருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம் போதும். பக்கத்து வீட்டுப் பக்கம் மட்டும் திருப்பிவிட வேண்டாம், தீபாவளிக்குப் பலகாரம் வராது. வாய்க்காலில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும். அபராதச் சீட்டும் பின்னாலேயே வரும்.

அண்ணே, கறிவேப்பிலை மூன்றாவது தடவையும் செத்துப்போச்சு. ஆழமாகக் குழி வெட்டி, கடையில் வாங்கிய நல்ல கறுப்பு மண் போட்டுத்தான் வைத்தேன்.

அந்த நல்ல குழிதான் கொன்றது அக்கா. சுற்றிலும் களிமண், நடுவில் பொலபொலவென்று கறுப்பு மண். மழைத் தண்ணீர் முழுவதும் அங்கே இறங்கும், வெளியே போக வழியில்லை. ஒரு வாளியில் செடியை நட்டது போலத்தான்.

செத்த செடியைப் பிடுங்கி வேரை விரலால் உருவிப் பாருங்கள். மேல்தோல் பழுப்பாகி, காலுறை கழல்வது போல வழுக்கி வந்து, உள்ளே நூல் போல ஒரு நரம்பு மட்டும் மிஞ்சினால் அது வேரழுகல். முகர்ந்தாலும் தெரியும்.

அடுத்த தடவை குழி வேண்டாம். தரையைத் தோட்ட முள்கரண்டியால் லேசாகக் கிளறிவிட்டு, அதே களிமண்ணில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய உரம் கலந்து, ஒன்றரை அடி உயரம், ஒரு மீட்டர் அகலத்துக்கு மேடு கட்டி, உச்சியில் நடுங்கள். முருங்கைக்கும் இதே வழிதான்.

கேரித் தீவுப் பக்கம் எங்கள் வீடு. மீன் குட்டைக்கு ஆழமாகத் தோண்டிய மண்ணைப் பாத்தியில் பரப்பினோம். புல்லே முளைக்கவில்லை. மண்ணில் மஞ்சள் புள்ளி, லோங்காங்கில் துரு நிறத்தில் கொழகொழப்பு. ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி இது. நம் கடலோரக் களிமண்ணுக்கு அடியில் நீலச்சாம்பல் நிறத்தில் ஒரு மண் இருக்கும். அதில் பைரைட் என்ற இரும்புக் கந்தகம் உண்டு. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அது தூங்கும். வெளியே எடுத்துக் காற்றுப்பட வைத்தால் கந்தக அமிலமாக மாறும். மண்ணின் பி.எச். 3.5-க்கும் கீழே போய்விடும்; அந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். நீங்கள் பார்த்த வைக்கோல் நிற மஞ்சள் புள்ளிதான் அதற்கு அடையாளம், ஜரோசைட் என்பார்கள். துருக் கொழகொழப்பு, கரைந்து வந்த இரும்பு.

பரப்பிய மண்ணை முடிந்தவரை பாத்தியிலிருந்து வாரி எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் இடத்துக்கு ஜி.எம்.எல். எனும் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள், சதுர மீட்டருக்கு 400 கிராம் தூவி மேலாகக் கிளறுங்கள். ஹெக்டருக்கு 4 டன் என்று வயலுக்குச் சொல்லும் கணக்கு அது. உங்கள் மண் மோசமாக இருந்தால் இன்னும் தேவைப்படும். யூரியாவை அதோடு சேர்த்துப் போடாதீர்கள், அமோனியாவாகப் பறந்துவிடும். ஜிப்சம் வாங்கச் சொல்லி யாராவது வந்தால், அது புளிப்பைக் குறைக்காது என்று சொல்லி அனுப்புங்கள். இனிமேல் அந்த நிலத்தில் ஆழமாகத் தோண்டவே வேண்டாம்.

ஆலையில் பழம் உதிர்த்த செம்பனை வெறுங்குலை சும்மா கிடைக்கிறது. வீட்டுக்கு எடுக்கலாமா?

தாராளமாக. பொட்டாஷ் நிறைய இருக்கும், வெயிலில் மண் வெடிக்காமலும் காக்கும். ஆனால் ஒரே அடுக்காகத்தான் பரப்ப வேண்டும். குவித்து வைத்தால் ஈ மொய்க்கும். காண்டாமிருக வண்டும் உள்ளே முட்டையிடும். அப்புறம் உங்கள் தென்னையின் குருத்தில் வண்டு கடித்த விசிறி வடிவ வெட்டு விழும்போதுதான் தெரியும். எனக்கு அப்படி ஒரு தென்னை போனது. தப்பு என்னுடையதுதான், சோம்பலில் ஒரு மாதம் குவியலாகவே விட்டுவிட்டேன்.

முன்புறத்துக்கு என்ன புல்?

வெயில் நன்றாக அடித்து, தண்ணீர் வடிகிற இடமென்றால் பிலிப்பீன் புல். ஈரமும் பாதி நிழலும் என்றால் கௌ கிராஸ் எனும் அகன்ற இலைப் புல். அழகு கொஞ்சம் குறைவுதான், ஆனால் நம் புளிப்பு மண்ணைப் பொறுத்துக்கொள்ளும்.

எப்போது கொத்துவது அங்கிள்? வாரக் கடைசியில்தான் நேரம் கிடைக்கிறது.

ஒரு பிடி மண்ணை உருட்டி, விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் கொத்தலாம். பிள்ளையார் பிடிக்கிற பதத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தால் சனிக்கிழமையானாலும் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஈரத்தில் மிதித்த களிமண் காய்ந்ததும் கல். அக்டோபர், நவம்பர் மழையில் நான் கத்தரிக்கோலோடு சரி.

சாமிக்குப் பூ வேண்டும், மேடு கட்ட முதுகு ஒத்துழைக்காது.

விருட்சி வையுங்கள் அம்மா. புளிப்பு மண்தான் அதற்குப் பிடிக்கும், சுண்ணாம்பு காட்டவே கூடாது. சிமெண்டுச் சுவரை ஒட்டி வைத்தாலும் இலை மஞ்சளாகும், இரண்டடி தள்ளியே இருக்கட்டும். சமையலறைத் தண்ணீர் விழுகிற மூலையில் வாசனை இலைக்குப் பாண்டான் குத்து ஒன்று ஊன்றிவிடுங்கள், மேடு எதுவும் தேவையில்லை. நாற்று வேண்டுமென்றால் என் வீட்டுப் பின்புறத்தில் நிறைய இருக்கிறது. பேரனை ஒரு சாக்கோடு அனுப்புங்கள்.