கல்லூரி முதல்வரின் நிர்வாகத் திறனைத் தீர்மானிப்பவை எவை?

ஆளுமை, தலைமைப் பண்பு என்றுதான் பெரும்பாலோர் பதில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், அந்தப் பதவிக்கு எவ்வளவு காலமும் எவ்வளவு அதிகாரமும் இருக்கின்றன என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகள் முதல்வருக்கு ஐந்து ஆண்டுகள் தருகின்றன; மதிப்பீட்டின் பேரில் இன்னொரு முறை நீட்டிக்கலாம். ஆனால் பணிமூப்புப்படி பதவி வரும் இடங்களில், ஓய்வுக்கு ஓரிரு ஆண்டுகள் இருக்கும்போதுதான் பலர் அந்த அறைக்குள் நுழைகிறார்கள். எந்தக் கோப்பு எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிவதற்குள் பிரிவு உபசார விழா வந்துவிடுகிறது. நிரந்தர நியமனம் ஆகும்வரை தற்காலிகமாகப் பதவியைப் பார்க்கும் 'பொறுப்பு முதல்வர்' என்றால் கேட்கவே வேண்டாம். நாளை தணிக்கைக்கு யார் பதில் சொல்வது என்று பெரிய முடிவு எதையும் தொடமாட்டார்.

உதவிபெறும் கல்லூரிகளில் 1976ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி, நிர்வாகத்தைக் கவனிக்கக் கல்லூரிக் குழு உண்டு, அதற்குச் செயலர் உண்டு. முதல்வரும் குழுவில் ஓர் உறுப்பினர்தான். நடைமுறையில் பணப்பெட்டி செயலர் பக்கம். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கேள்வி மட்டும் முதல்வருக்கு.

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு முறை பியூரெட் (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) தேவைப்பட்டது. துறைத் தலைவர் கடிதம், அலுவலகக் குறிப்பு, மூன்று விலைப்புள்ளிகள், கல்லூரிக் கணக்கைப் பார்க்கும் பர்சாரின் கையொப்பம், செயலர் ஒப்புதல் எல்லாம் கடந்து அது வந்து சேர்ந்தபோது செய்முறைத் தேர்வே முடிந்திருந்தது. அடுத்து வந்த முதல்வர் முந்தையவரைவிடப் பெரிய திறமைசாலி என்று சொல்ல முடியாது. ஆனால் பதவியேற்ற கையோடு செயலரிடம் பேசி, குறிப்பிட்ட தொகை வரையிலான கொள்முதல் தன் கையெழுத்திலேயே முடியும்படி எழுதி வாங்கிக்கொண்டார். அதன்பிறகு உடைந்த கண்ணாடிக் கருவிகளுக்காக யாரும் நடையாய் நடக்கவில்லை.

அலுவலகக் கண்காணிப்பாளரையும் மறக்கக் கூடாது. அரசாணை எண்களை நாக்கு நுனியில் வைத்திருக்கும் ஒருவர் வாய்த்தால் சுமாரான முதல்வர்கூட நல்ல பெயர் எடுத்துவிடுவார்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக், ஆளுகை, தலைமை, மேலாண்மை ஆகியவற்றையும் பார்க்கிறது. அதற்காகக் கூட்டக் குறிப்புகளை அழகாக பைண்டு செய்து வைப்பார்கள். அவற்றைவிட, எடுத்த முடிவுகள் என்னவாயின என்று சொல்லும் நடவடிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சென்ற கூட்டத்து முடிவுகளில் எத்தனை அடுத்த கூட்டத்துக்கும் தள்ளிப் போயிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.