பழைய மென்பொருள் போகமாட்டேன் என்கிறதா? டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கே: கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் பிரஸ். பழைய தமிழ் டைப்பிங் மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால், ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்றே வருகிறது.

ப: அது திரையின் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஐகானில் ரைட் கிளிக் செய்து எக்ஸிட் கொடுங்கள். ஐகான் தென்படாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க். அதன்பின் அன்இன்ஸ்டால் ஆகிவிடும்.

ஆனால் கை வைப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இதுபோன்ற டைப்பிங் மென்பொருள்களில் சில, போகும்போது தாம் கொண்டுவந்த ஃபாண்ட்களையும் வாரிக்கொண்டு போய்விடும். பாமினி ஃபாண்டில் 'அம்மா' என்று தெரிவது, கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எம், கே, செமிகோலன், கே, எச் என்ற ஐந்து எழுத்துதான். ஃபாண்ட் போனால் பழைய பத்திரிகையில் மாப்பிள்ளை, பெண் பெயரெல்லாம் அந்தக் கோலத்தில்தான் நிற்கும். எனவே முதலில் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபாண்ட்ஸைத் திறந்து, வேண்டியதை பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோட் தெரியாது. பழைய ஃபைல்கள் இருக்கும்வரை அந்த ஃபாண்ட்களும் இருக்கட்டும். யூனிகோடில் அடிக்க விண்டோஸ் 10, 11-இலேயே தமிழ் 99 கீபோர்டு உண்டு. செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் மாறும்.

கே: மன்னார்குடி அரிசி ஆலை. பழைய பில்லிங் மென்பொருளின் ஃபோல்டரையே டெலீட் செய்துவிட்டோம். பட்டியலில் பெயர் மட்டும் போகவில்லை.

ப: அன்இன்ஸ்டால் செய்யும் ஃபைலும் அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்திருக்கும். முதலில் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். இருந்தால் ரீஸ்டோர் செய்யுங்கள். பல பழைய பில்லிங் மென்பொருள்கள் கணக்கையும் அதே ஃபோல்டரில்தான் வைக்கும், அதைத் தனியே காப்பி எடுத்துவிட்டு முறைப்படி நீக்குங்கள். ரீசைக்கிள் பின்னில் இல்லையென்றால், அதே வெர்ஷனை அதே இடத்தில் மறுபடி இன்ஸ்டால் செய்து நீக்கலாம்.

சிடியும் கைவசம் இல்லையென்றால் கடைசி வழி, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரி. அதைத் திறக்கும் ரெஜெடிட்டில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரண்ட்வெர்ஷன், அன்இன்ஸ்டால் என்று இறங்குங்கள். 64 பிட் விண்டோஸில் 32 பிட் மென்பொருளென்றால் சாஃப்ட்வேருக்கு அடுத்து வாவ்6432நோட் வழியாக வரவேண்டும். டிஸ்ப்ளேநேம் பார்த்து உறுதிசெய்து, அந்த ஒரு கீயை எக்ஸ்போர்ட் செய்தபின் நீக்குங்கள். அன்இன்ஸ்டால் கீயையே மொத்தமாகத் தூக்கிவிடாதீர்கள். அப்புறம் எல்லா மென்பொருளுக்கும் இதே பாடுதான்.

கே: பட்டுக்கோட்டை. நீக்கப் போனால் எம்எஸ்ஐ என்ற இன்ஸ்டால் ஃபைலைக் கேட்கிறது, பிறகு 1612 எரர். இடம் போதவில்லை என்று சி டிரைவில் கொஞ்சம் சுத்தம் செய்தோம்.

ப: விண்டோஸுக்குள் இருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டரில் கை வைத்திருப்பீர்கள். மறைந்திருக்கும் ஃபோல்டர் அது. புரியாத பெயர்களோடு இருப்பதால் குப்பை போலத் தெரியும். நீக்கவும் ரிப்பேர் செய்யவும் விண்டோஸ் தேடுவது அந்த ஃபைல்களைத்தான். அதே வெர்ஷன் செட்டப் கிடைத்தால் பிரவுஸ் கொடுத்துக் காட்டுங்கள். இல்லையேல் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் புரோகிராம் இன்ஸ்டால் அண்ட் அன்இன்ஸ்டால் டிரபுள்ஷூட்டரை ஓடவிடுங்கள்.

கே: மயிலாடுதுறை. பழைய ஆன்டிவைரஸை நீக்கும்போது கரண்ட் போய்விட்டது. பாதியில் நிற்கிறது, சேஃப் மோடிலும் போகவில்லை.

ப: சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸ் வழக்கமாக ஓடாது, அதனால்தான். அந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை முன்கூட்டி டவுன்லோட் செய்யுங்கள். ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட், டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், மறுபடி ரீஸ்டார்ட், பிறகு 4 தட்டினால் சேஃப் மோட். அங்கே டூலை ஓட்டுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரிக்கவரி கீ கேட்கலாம், முதலிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை யுபிஎஸ்ஸோடு.

கே: திருவாரூர். ஃபிளாஷ் பிளேயர், பல வருட விஷுவல் சி பிளஸ் பிளஸ்... எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா?

ப: ஃபிளாஷை எடுங்கள். 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது. விஷுவல் சி பிளஸ் பிளஸ் 2008, 2010 என்று வரிசையாக இருப்பதைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்.