பின்வளவுக் கொடியும் ஆயிரம் டொலர் தண்டமும்

கேள்வி: அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், வீட்டுரிமையாளர் சங்கம் நிருவகிக்கும் குடியிருப்பொன்றில் என் மகள் தனிவீடு வாங்கியிருக்கிறாள். நான் அங்கு தங்கியிருந்தபோது பின்வளவில் கயிறு கட்டிச் சேலை காயப்போட்டேன். வெண்டியும் பயிற்றையும் நட்டேன். இப்போது, நாளொன்றுக்கு 100 டொலர் தண்டம், தவறினால் வீட்டின்மீது கடன் பொறுப்பு, அதாவது கடனுக்கு வீட்டையே ஈடாக்கும் பதிவு, பதியப்படும் என்று கடிதம் வந்துள்ளது. என்னால் மகளின் வீடு பறிபோகுமா?
வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: இந்தக் கடிதத்தினால் வீடு பறிபோகாது; மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். புளோரிடாச் சட்டத்தின் 720ஆம் அத்தியாயத்தின்படி, சங்க நிருவாகம் தான் நினைத்தபடி தண்டம் அறவிட முடியாது. குறைந்தது 14 நாள் முன்னறிவித்தல் கொடுத்து விசாரணைக்கு இடமளிக்க வேண்டும். மூவருக்குக் குறையாத அந்த விசாரணைக் குழுவில் நிருவாகிகளோ, அவர்களுடைய கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரோ இருக்கலாகாது. குழுவில் பெரும்பான்மையோர் ஏற்காவிட்டால் தண்டமே இல்லை. விசாரணைக்கு முன்னரே குறை திருத்தப்பட்டாலும் தண்டம் விதிக்க முடியாது.

சங்கத்தின் யாப்பு வேறுவிதமாகக் கூறாதவிடத்து, ஒரு மீறலுக்கு 100 டொலரும், நாள்தோறும் தொடரும் மீறலுக்கு மொத்தமாக 1,000 டொலருமே உச்ச வரம்பு. 1,000 டொலருக்குக் குறைந்த தண்டத்தை வீட்டின்மீது பொறுப்பாகப் பதியவே முடியாது. ஆகவே மகள் முதலில் யாப்பை எடுத்துப் படிக்கட்டும்.

கொடியும் தோட்டமும் உங்களுக்கு இன்னும் சாதகமானவை. வீட்டின் முகப்பிலிருந்தோ, பக்கத்து வளவிலிருந்தோ, அருகிலுள்ள பொது இடத்திலிருந்தோ, குடியிருப்பின் கொல்ப் திடலிலிருந்தோ கண்ணில் படாதவற்றைச் சங்கம் தடுக்கலாகாது என்று கூறும் அதே சட்டம், மரக்கறித் தோட்டத்தையும் உடுப்புக் கொடியையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வெயிலில் காயவைக்கும் கொடியைப் புதுப்பிக்கத்தக்க சக்திச் சாதனங்களோடு சேர்த்துப் பாதுகாக்கும் 163.04ஆம் பிரிவும் உண்டு. வேலிக்கு அப்பால் நின்று பின்வளவைப் படமெடுத்துத் திகதியுடன் வைத்திருக்கச் சொல்லுங்கள். முந்தானை வேலிக்கு மேலே தெரிந்தால் வாதம் பலவீனப்படும்; கயிற்றை ஒரு முழம் தாழ்த்திக் கட்டுவது நல்லது.

கோபத்தில் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் மகள் நிறுத்திவிடக் கூடாது. அது தண்டத்தில் சேராது; அந்த நிலுவைக்காக வீட்டின்மீது பொறுப்புப் பதிந்து, நீதிமன்றத்தின் ஊடாக ஏலம் வரை கொண்டுபோகச் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த ஆபத்து மெய்யானது.

கடிதத்தில் விசாரணைத் திகதி இருக்கிறதா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுத்தில் கேட்கட்டும். தொலைபேசி மூலமும் தோன்றலாம் என்பதால், அதற்காக அவர் வேலைக்கு லீவு போட வேண்டியதில்லை.