ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட் லினக்ஸில் திணறுவது ஏன்?

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் சிப் கொண்ட லேப்டாப்பில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் 'ஆப்லிவியன் ரீமாஸ்டர்ட்' விளையாடும் வியாசர்பாடி வாசகர் ஒருவர், குகைகளுக்குள் சீராக ஓடும் விளையாட்டு திறந்த வெளிக்கு வந்ததும் வினாடிக்கு 30 பிரேமுக்குக் கீழே இறங்கித் திக்குவதாகவும், விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அவசரப்பட வேண்டாம். 2025 ஏப்ரலில் வெளியான இந்த மறுபதிப்பில், விளையாட்டின் விதிகளை 2006-இன் பழைய என்ஜினே இன்றும் நடத்த, காட்சிகளை மட்டும் அன்ரியல் என்ஜின் 5 வரைகிறது. வெட்டவெளியில் ஓடும்போது அடுத்த நிலப்பகுதி ஏற்றப்படும் நொடியில் வரும் திக்கல் விண்டோஸிலும் உண்டு என்பதால், இயங்குதளத்தை மாற்றுவதால் அது தீராது.

லினக்ஸின் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. விண்டோஸின் டைரக்ட்எக்ஸ் 12 வரைகலைக் கட்டளைகளை, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருள், லினக்ஸ் புரிந்துகொள்ளும் வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. என்விடியா சிப்களில் இதனால் வேகம் சற்றுக் குறைவது தெரிந்த விஷயம். டிரைவரைப் புதுப்பித்த பிறகு ஷேடர்கள் (கிராஃபிக்ஸ் சிப்புக்கான சிறு நிரல்கள்) மீண்டும் தொகுக்கப்படும் என்பதால், முதல் அரைமணி நேர ஓட்டத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. விளையாட்டு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவ வட்டுப் பகுதியில் இருந்தால், லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவப் பகுதிக்கு மாற்றிவிடுங்கள்.

என் கணிப்பில் உங்கள் முதன்மைச் சிக்கல் கிராஃபிக்ஸ் மெமரி. குறைந்தபட்சத் தேவையாகச் சொல்லப்பட்டுள்ள ஜிடிஎக்ஸ் 1070 டிஐ கிராஃபிக்ஸ் கார்டில் 8 ஜிபி இருக்கிறது. பெயரில் புதியதாக இருந்தாலும் லேப்டாப்பின் 3060-இல் 6 ஜிபிதான். ஆகவே டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் படியும் படங்கள்) தரத்தை முதலில் குறைத்து, ஒளியைக் கணக்கிடும் லூமன் அமைப்பில் ஹார்டுவேர் லூமனை அணைத்து, சாஃப்ட்வேர் லூமனைக் குறைந்த அளவில் வைத்து, சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ்-ஐ 'பேலன்ஸ்டு' ஆக்குங்கள். மற்ற அமைப்புகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மொட்டை மாடியில் ஷீட் போட்ட அறையில், பிற்பகலில் விளையாடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மே மாத வியாசர்பாடியில் அது லேப்டாப்புக்குத் தண்டனைதான். மாங்கோஹட் என்ற கண்காணிப்புக் கருவியை நிறுவி, வெப்பமும் கிளாக் வேகமும் (சிப் இயங்கும் வேகம்) திரையின் மூலையில் தெரியும்படி வையுங்கள். வெப்பம் ஏற ஏற கிளாக் இறங்கினால் குற்றவாளி லினக்ஸ் அல்ல. மின்விசிறியில் படிந்த தூசியைத் துடைத்து, திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் பிரேம் வரம்பை 48 அல்லது 36-இல் நிறுத்துங்கள். இந்த எண்களால் 144 மீதமின்றி வகுபடும் என்பதால், சராசரி வேகம் குறைந்தாலும் ஓட்டம் சீராகத் தெரியும்.

இதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லையானால், விளையாட்டுக்கு மட்டும் 125 ஜிபி, அதற்கு மேல் விண்டோஸுக்கும் இடம் ஒதுக்கித் தனிப் பகுதியில் விண்டோஸை நிறுவி, அதே சேவ் கோப்பைத் திறந்து, அதே பாதையில், அதே அமைப்புகளோடு ஓடிப் பார்த்து முடிவெடுங்கள்.