பெட்டியில் கிடைத்த ஜப்பான் ரூபாய் நோட்டு பற்றி

அன்புடையீர், வணக்கம். பர்மாவின் மோல்மீன் நகர வீட்டில் தாத்தாவின் தகரப்பெட்டியிலிருந்து எடுத்த பத்து ரூபாய் நோட்டு இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதையின் தொழிலாளர் முகாமில் வழங்கிய பணமா என்றும், லேமினேஷன் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

தொடர் எண் இன்றி, ஆங்கில ‘பி’ எழுத்தில் தொடங்கும் குறி மட்டும் உள்ளதாக நீங்கள் எழுதியிருப்பதால், அது 1942 முதல் ஜப்பானிய அரசு பர்மா முழுவதும் புழங்கவிட்ட ஆக்கிரமிப்பு நோட்டு. முகாம் பணம் என்பது வேலிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் சீட்டு. மலாயாவுக்கு ‘எம்’ என்ற எழுத்தை இட்டார்கள். போர் முடிந்ததும் ஆங்கிலேயர் இவற்றை ஏற்க மறுத்ததால், வியர்வை சிந்திச் சேர்த்த நம்மவர் பலரின் கூலி வெறும் காகிதமாயிற்று. உங்கள் தாத்தா அதை எறியாமல் வைத்திருந்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இவ்வகை நோட்டுகள் ஏராளமாக அச்சிடப்பட்டவை, ஆகவே பெரிய விலை எதிர்பார்க்க வேண்டாம். ஆறாம் ஜார்ஜ் படமுள்ள இந்திய நோட்டில் ‘பர்மா இராணுவ நிர்வாகம்’ என்று ஆங்கிலத்தில் சிவப்பு மேலச்சு (அச்சான நோட்டின் மேல் மறுபடி இட்ட அச்சு) இருந்தால், அது வேறு வகை; அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூடும் பசையும் காகிதத்தை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். ஒட்டியுள்ள டேப்பையும் பிய்க்காமல், பாலியஸ்டர் உறையிலிட்டு, மழைக்கால ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். நோட்டின் பின்பக்கப் படத்தையும் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.