லேப்டாப் தூங்கி எழுந்தா வைஃபை காணாமப் போகுதா? வாசகர் கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து வந்த கடிதங்களைப் பிரிச்சா எல்லாம் ஏறக்குறைய ஒரே தொல்லையைத்தான் சொல்லுது. லேப்டாப்பை மூடி வெச்சுட்டு திரும்பத் திறந்தா நெட் வரல. ஆளாளுக்கு காரணம் வேற வேறயா இருக்கறதால தனித்தனியாவே பதில் சொல்றேன், உங்க வீட்டுக் கதை எதோட ஒத்துப்போகுதுன்னு பாத்துக்கங்க.

கானாடுகாத்தான் வாசகி: வீட்லேர்ந்தே சென்னை கம்பெனிக்கு வேலை பாக்கறேன். மதியம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு சாப்பிட்டு வந்து திறந்தா வைஃபை இல்ல, ரீஸ்டார்ட் பண்ணா வந்துருது. கடையில காமிச்சா ஃபார்மட் அடிக்கணும்கறாங்க. அடிக்கலாமா?

வேண்டாம் ஆச்சி, தயவுசெஞ்சு அடிக்க விடாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணா வந்துருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அந்த ஒரு வரி போதும், வைஃபை கார்டு செத்துப் போகலன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு. ஃபார்மட் அடிச்சா கார்டை இயக்கற அதே டிரைவர் சாஃப்ட்வேர்தான் திரும்ப வந்து உக்காரும், உங்க ஆபீஸ் ஃபைல் எல்லாம் போனதுதான் மிச்சம்.

அடுத்த தடவை இப்படி ஆகும்போது உடனே ரீஸ்டார்ட்டுக்குப் போகாம, வலது கீழ் மூலையில வைஃபை அடையாளத்தை அமுக்கி என்ன தெரியுதுன்னு மட்டும் பாருங்க. வைஃபை பட்டனே இல்லன்னா கார்டு எழும்பலன்னு அர்த்தம். பட்டன் இருக்கு, பக்கத்து வீட்டு வைஃபை பேரெல்லாம் தெரியுது, உங்க பேரு மட்டும் இல்லன்னா கோளாறு மோடத்துல, இல்லன்னா சுவருல. கனெக்ட் ஆகியிருக்கு ஆனா "நோ இன்டர்நெட்"னு வருதுன்னா அது ஐபி முகவரிச் சிக்கலா இருக்கலாம், அதாவது மோடம் லேப்டாப்புக்குக் குடுக்கற அடையாள எண் சரியா கிடைக்கல. இதைப் பாக்காம யூடியூப்ல சொன்னதை எல்லாம் வரிசையா செஞ்சு பாத்து மெஷினை இன்னும் கெடுத்துக்கிட்டவங்கதான் அதிகம். ஏரோப்ளேன் மோடு தானா ஆன் ஆகி இருக்கான்னும் ஒரு கண்ணு பாத்துக்கங்க, மூடும்போது அந்த கீயில விரல் பட்டாலும் ஆகும்.

நீங்க எழுதியிருக்கறதைப் பாத்தா முதல் வகைன்னுதான் தோணுது. ஸ்லீப் போகும்போது விண்டோஸ் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கறதுக்காக வைஃபை கார்டுக்குப் போற கரண்டை நிறுத்திரும், எழும்போது டிரைவர் அதை திரும்பத் தட்டி எழுப்பணும், சில டிரைவருக்கு அந்த வேலை ஒழுங்கா வராது, கார்டு பதில் சொல்லாம படுத்தே கிடக்கும். ரீஸ்டார்ட்ல டிரைவர் முதல்லேர்ந்து ஏறுது, அதனால சரியாகுது.

ஸ்டார்ட் பட்டன் மேல ரைட் கிளிக் பண்ணி டிவைஸ் மேனேஜரைத் திறங்க. நெட்வொர்க் அடாப்டர்ஸ் கீழ வயர்லெஸ்னோ வைஃபைன்னோ பேரு வர்றது எதுவோ, இன்டெல், ரியல்டெக், மீடியாடெக்னு ஏதாவது ஒண்ணு இருக்கும், அதை டபுள் கிளிக் பண்ணுங்க. பவர் மேனேஜ்மென்ட் டேப்ல மேலயே ஒரு டிக் இருக்கும், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இந்தக் கருவியை கம்ப்யூட்டர் அணைச்சுக்கலாம்னு அர்த்தம் வர்ற மாதிரி. அந்த டிக்கை எடுத்துட்டு ஓகே குடுங்க. நிறைய பேருக்கு இதோட தீந்துரும். பேட்டரி கொஞ்சம் கூடுதலா போகும்தான், ஆனா நீங்க சார்ஜர் போட்டே வேலை பாக்கறவங்க, கணக்குப் பாக்க வேண்டாம்.

தீரலன்னா டிரைவர். அதே சன்னல்ல டிரைவர் டேப்ல ரோல் பேக்னு ஒரு பட்டன் இருக்கும், இந்தத் தொல்லை விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் ஆரம்பிச்சிருந்தா, பட்டனும் அமுக்கற நிலையில இருந்தா, பழைய டிரைவருக்குப் போயிருங்க. பட்டன் மங்கலா இருந்தா உங்க லேப்டாப் கம்பெனியோட சொந்த சைட்டுக்குப் போய் மாடல் நம்பர் போட்டு வைஃபை டிரைவரை இறக்குங்க. டிரைவர் அப்டேட் பண்ணித் தர்றோம்னு விளம்பரம் பண்ற சாஃப்ட்வேர் எதையும் உள்ள விடாதீங்க, ஆபீஸ் லேப்டாப்ல அது ரொம்ப ஆபத்து. ஆபீஸ் மெஷின்ங்கறதால இதெல்லாம் பண்ண அனுமதி கேக்கலாம், அப்ப உங்க ஐடி ஆளுங்ககிட்ட "ஸ்லீப்லேர்ந்து எழுந்தா அடாப்டர் வரமாட்டேங்குது"ன்னு இதே வார்த்தையில சொல்லுங்க, சட்டுனு புரிஞ்சுக்குவாங்க.

மீட்டிங் நடுவுல மாட்டிக்கிட்டா ரீஸ்டார்ட் பண்ண நேரம் இருக்காதுல்ல, அப்ப டிவைஸ் மேனேஜர்ல அதே அடாப்டர் மேல ரைட் கிளிக், டிஸேபிள், அப்புறம் எனேபிள். பெரும்பாலும் அரை நிமிஷத்துல வந்துரும்.

தேவகோட்டை கல்லூரி மாணவர்: அண்ணே, எல்லாரும் சொல்ற பவர் மேனேஜ்மென்ட் டேப் என் புது லேப்டாப்ல இல்லவே இல்ல. டூப்ளிகேட் விண்டோஸா இருக்குமோ?

இல்ல தம்பி, பயப்படாத. உன் லேப்டாப் வேற மாதிரி தூங்குது, அவ்வளவுதான். பழைய மெஷின்ல ஸ்லீப்னா எஸ்3, ரேம் தவிர ஏறக்குறைய எல்லாம் அணைஞ்சிரும். இப்ப வர்ற நிறைய லேப்டாப்ல மாடர்ன் ஸ்டாண்ட்பைன்னு ஒரு முறை இருக்கு, ஸ்கிரீன் அணைஞ்சிருக்கும், ஆனா உள்ள செல்போன் மாதிரி லேசா முழிச்சுக்கிட்டே இருக்கும். அதுல வைஃபை கார்டோட மின்சாரத்தை விண்டோஸே பாத்துக்கறதால அந்த டேப்பைக் காட்டாது.

உன்னுது எதுன்னு பாக்கணும்னா கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து பவர்ங்கற வார்த்தையை இங்கிலீஷ்ல அடிச்சு, அதோட ஒட்டியே சி எஃப் ஜி, அப்புறம் ஒரு இடைவெளி விட்டு முன்சாய்வுக் கோடும் ஏ எழுத்தும் போட்டு என்டர் தட்டு. இந்த மெஷின்ல கிடைக்கும்னு மேல வர்ற பட்டியல்ல எஸ்0 லோ பவர் ஐடில் இருந்தா மாடர்ன் ஸ்டாண்ட்பை, கிடைக்காதுன்னு கீழ வர்ற பட்டியல்ல இருந்தா இல்ல. விண்டோஸோட உள் செட்டிங் எல்லாம் இருக்கற ரெஜிஸ்ட்ரியில கைவெச்சு இதை எஸ்3க்கு மாத்தலாம்னு நிறைய வீடியோ கிடக்கு, நான் சொல்ல மாட்டேன், மெஷினை ஆன் பண்ணதும் முதல்ல ஓடற பயாஸ்ங்கற சாஃப்ட்வேர் எஸ்3யை ஆதரிக்கலன்னா மூடினதுக்கு அப்புறம் எழும்பாம நிக்கற அபாயம் இருக்கு.

உனக்கு ரெண்டு வேலை இருக்கு, பயாஸும் வைஃபை டிரைவரும் லேப்டாப் கம்பெனி சைட்லேர்ந்து அப்டேட் பண்ணு, சார்ஜர் போட்டுட்டுப் பண்ணு, பயாஸ் ஏறும்போது கரண்ட் போகக்கூடாது, அதை மட்டும் மறந்துராத. அப்பவும் நிக்கலன்னா கன்ட்ரோல் பேனல்ல பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினா என்ன பண்ணணும்ங்கற இடத்துல ஸ்லீப்புக்கு பதிலா ஹைபர்னேட் வெச்சுக்க. ரேம்ல இருக்கறதை டிஸ்க்ல எழுதிட்டு மெஷின் முழுசா அணைஞ்சிரும், திறக்க கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், ஆனா வைஃபை கார்டு புதுசா கரண்ட் வாங்கி எழும். பஸ்ல காரைக்குடிக்குப் போய் வர்றப்ப பைக்குள்ள லேப்டாப் சூடாகி பேட்டரி தீர்ற தொல்லையும் இதோட போயிரும்.

பள்ளத்தூர் வாசகர்: முகப்புல உக்காந்தா நெட் நல்லா வருது. ரெண்டாம் கட்டுல லேப்டாப்பை மூடித் திறந்தா எங்க வீட்டு வைஃபை பேரே லிஸ்ட்ல வரமாட்டேங்குது, ரொம்ப நேரம் கழிச்சு தானா வருது. வீடு அய்யா காலத்துது, எதையும் இடிக்க மனசில்ல.

இடிக்கவே வேண்டாம் அய்யா. உங்க லேப்டாப்ல குத்தம் ஒண்ணுமில்ல. செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சு அவ்வளவு கனமா எழுப்பின சுவரை வைஃபை அலை தாண்டறதே கஷ்டம், அதுலயும் வைஃபையோட ரெண்டு அலைவரிசையில 5 கிகாஹெர்ட்ஸ் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைவிட சீக்கிரம் தேஞ்சிரும். பட்டாலைங்கற கூடத்துச் சுவத்துல பெரிய பெல்ஜியம் கண்ணாடி மாட்டியிருந்தா அதோட பின்பக்க ரசப்பூச்சு அலையைத் திருப்பி அனுப்பிரும், மோடத்துக்குப் பக்கத்துல இரும்புப் பெட்டி இருந்தாலும் இதேதான். முழிச்சிருக்கும்போது பிடிச்ச இணைப்பை லேப்டாப் எப்படியோ தக்கவெச்சுக்கும், தூங்கி எழுந்தா முதல்லேர்ந்து தேடணும், அந்த மெல்லிசு சிக்னல் அப்ப கையில சிக்காது.

தானா வருதுன்னு சொல்றீங்களே, அதுக்கு ஒரு காரணம் இருக்கலாம். ஒவ்வொரு அலைவரிசையையும் எண் போட்ட சேனலா பிரிச்சிருக்காங்க, 5 கிகாஹெர்ட்ஸ்ல 52லேர்ந்து 144 வரைக்கும் உள்ள சேனல் ரேடாரோட பங்கு போட்டுக்கற இடம். அந்தச் சேனல்ல லேப்டாப் தானா முந்தி "யாரு இருக்கீங்க"ன்னு கேக்கக்கூடாது, மோடம் பேசற வரைக்கும் காத்திருந்துதான் கேக்கணும், அதனால கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். ரேடார் மாதிரி எதாவது காதுல விழுந்தா மோடமும் அந்தச் சேனலை விட்டுட்டு ஓடணும், அதே வகையில வேற சேனலுக்குப் போனா 60 செகண்டாவது சும்மா கேட்டுட்டுத்தான் அங்க வேலையை ஆரம்பிக்கும். மோடம் செட்டிங்ல 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை ஆட்டோல விடாம 36, 40, 44, 48ல ஒண்ணு வெச்சிருங்க. 2.4க்கு 1, 6, 11ல ஒண்ணு. ஆட்டோல விட்டா அது சில சமயம் 12, 13க்குப் போய் உக்காந்துக்கும், அமெரிக்காவுக்குன்னு செட் பண்ணி வந்த லேப்டாப்புக்கு அந்த ரெண்டு சேனலும் பெரும்பாலும் கண்ணுல படாது. அமெரிக்காவுலேர்ந்து பிள்ளைங்க கொண்டுவந்த லேப்டாப் எல்லா வீட்லயும் இருக்கே, அதான் இதைச் சொல்றேன்.

வீட்டுக்கு நல்ல வைத்தியம் என்னன்னா, உங்க வளவைப் பயன்படுத்துங்க. மேல வானம் திறந்த முற்றம், சுத்தி பத்திங்கற தாழ்வாரம், குறுக்க சுவர் கிடையாது, அலைக்கு இதைவிட நல்ல வழி வேற எந்த வீட்டுலயும் அமையாது. முகப்புல இருக்கற மோடத்துலேர்ந்து ஒரு லேன் கேபிளை வளவுக்குக் கொண்டுவந்து, தூணுக்கு மேல மழை படாத இடத்துல ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது கேபிள்ல வர்ற நெட்டை வைஃபையா பரப்பற கருவி, வைங்க. கேபிள் கதவு நிலைக்கு மேல உள்ள காத்துவழியிலயே நுழைஞ்சிரும், தேக்குத் தூணுல ஆணி அடிக்க விடாதீங்க, கட்டுக்கம்பியை பிளாஸ்டிக் போத்தி கட்டினாலே நிக்கும். வெயில் படற பக்கம் வெளிப்புறத்துக்குன்னு விக்கற கேபிள் வாங்குங்க. ஒரு லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். ஒரு தெருவுல வாசலும் அடுத்த தெருவுல பின்கட்டும் இருக்கற வீட்டுக்கு அடுப்படிப் பக்கம் இன்னொரு ஆக்சஸ் பாயின்ட் தேவைப்படலாம். ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வைங்க. கேபிள் இல்லாம வைஃபையை வாங்கி திரும்ப அனுப்பற ரிப்பீட்டரை வாங்கி ஏமாறாதீங்க, அதுவும் அதே சுவரைத்தான் தாண்டணும்.

கோட்டையூர் வாசகி: ரீஸ்டார்ட் பண்ணா வைஃபை வருது, ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணா வரல. இது எப்படி?

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வேலை. விண்டோஸ் 8லேர்ந்து ஷட்டவுன் குடுத்தாலும் விண்டோஸோட உள்பகுதியும் டிரைவரும் டிஸ்க்ல அப்படியே சேமிப்பாகி, அடுத்த தடவை அங்கிருந்தே தொடரும், கோளாறும் சேந்தே தொடரும். ரீஸ்டார்ட்லதான் எல்லாம் புதுசா ஆரம்பிக்குது. பவர் ஆப்ஷன்ஸ்ல, பவர் பட்டன் என்ன பண்ணணும்ங்கற பக்கத்துல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துருங்க.

நெற்குப்பை வாசகர்: முன்னோருக்குப் படைக்கற படைப்புக்கு எல்லாப் புள்ளியும், அதாவது எல்லாக் குடும்பமும், வந்திருந்தாங்க. அந்த நேரம் மட்டும் என் லேப்டாப் தூங்கி எழுந்தா கனெக்டட் காட்டுது, நெட் மட்டும் வரல. எல்லாரும் ஊருக்குப் போனதும் சரியாப்போச்சு.

அண்ணே, மோடம் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஐபி முகவரியை குறிப்பிட்ட நேரத்துக்கு வாடகை மாதிரி குடுக்கும். லேப்டாப் தூங்கும்போது அந்தக் கெடு முடிஞ்சிருச்சுன்னா முகவரி வேற ஆளோட செல்போனுக்குப் போயிரும், உங்க லேப்டாப் எழுந்து கேக்கும்போது மிச்சம் இல்லன்னா 169.254னு ஆரம்பிக்கற முகவரியைத் தானே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும், அதை வெச்சு வெளிய போக முடியாது. வைஃபை ப்ராப்பர்டீஸ்ல ஐபிவி4 முகவரின்னு இருக்கற வரியைப் பாருங்க, இந்த எண் இருந்தா சந்தேகமே வேண்டாம்.

மோடம் செட்டிங்ல டிஹெச்சிபின்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல ஆரம்ப முகவரிக்கும் கடைசி முகவரிக்கும் நடுவுல எத்தனை இருக்குன்னு பாத்து 250 கிட்ட வர்ற மாதிரி விரிச்சு விடுங்க. உங்க லேப்டாப்புக்கு மட்டும் ஒரு முகவரியை ரிசர்வ் பண்ணி வெக்கவும் அங்கயே வழி இருக்கும். இது போக வைஃபைல இத்தனை கருவிதான் ஒட்டலாம்னு மோடத்துலயே ஒரு உச்சவரம்பு இருக்கும், 32ன்னு வெச்சிருக்கறது சகஜம், சொந்தபந்தம் கூடற வீட்டுக்கு அது எங்க பத்தும்? அடுத்த படைப்புக்கு முந்தி ஒரு ஆக்சஸ் பாயின்ட் தனியா போட்டு விருந்தாளிங்களை அதுல விட்டுருங்க.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு, பழம்பொருள் கடைக்காரர்: கடை டெஸ்க்டாப்ல யூஎஸ்பி வைஃபை டாங்கிள் போட்டிருக்கேன். கொஞ்ச நேரம் சும்மா விட்டா டாங்கிள் செத்துருது, பிடுங்கி மாட்டினா வருது.

யூஎஸ்பி போர்ட்டுக்குப் போற கரண்டையும் விண்டோஸ் நிறுத்தும், அதான். பவர் ஆப்ஷன்ஸ்ல அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் உள்ள யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிஸேபிள் பண்ணுங்க, டிவைஸ் மேனேஜர்ல யூஎஸ்பி ரூட் ஹப்னு வர்ற எல்லாத்துலயும் பவர் மேனேஜ்மென்ட் டிக்கை எடுங்க. டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டுல, அதுவும் பக்கத்துல ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கற இடத்துல சொருகியிருந்தா மாத்துங்க, யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு டாங்கிளை சிபியூ பெட்டியை விட்டுத் தள்ளி வைங்க. மோடம் அதே கடைக்குள்ளதான் இருக்குன்னா டாங்கிளே எதுக்கு, நேரா லேன் கேபிள் போட்டுருங்க.

தேவகோட்டை வாசகர்: கடைசியா நெட்வொர்க் ரீசெட் அடிக்கச் சொல்றாங்களே?

அடிக்கலாம், மேல சொன்னது எதுவும் கேக்கலன்னா மட்டும். சேவ் பண்ணின வைஃபை பாஸ்வேர்டு, ஆபீஸ் விபிஎன் எல்லாம் அழிஞ்சிரும், அதனால முதல்ல எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கங்க. பட்டனை அமுக்கினா 5 நிமிஷத்துல மெஷின் தானா ரீஸ்டார்ட் ஆகும், திறந்து வெச்சிருக்கற வேலையை சேவ் பண்ணிட்டு அமுக்குங்க.