30 ஆயிரம் ரூபாய்க்கு மாடல் வாங்கலாமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டக் கண்மாய்ப் பாசனம் பற்றிச் சமூகவியலில் பிஎச்.டி. செய்கிறேன். தலைமடை, கடைமடை விவசாயிகள் தண்ணீரைப் பங்கிடுவதை ‘மல்டி ஏஜென்ட் மாடலிங்’ முறையில் காட்டச் சொல்கிறார் கைடு. எனக்குப் புரோகிராமிங் வராது. புரோகிராம் கோடு (code), ரிப்போர்ட் இரண்டையும் 30 ஆயிரம் ரூபாய்க்கு முடித்துத் தருவதாக ஒரு புராஜெக்ட் சென்டரில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், இந்த முறை என்னவென்று பார்த்துவிடுவோம்.

கண்மாய்க்குக் கீழே 200 விவசாயிகள் இருக்கிறார்கள் என்றால், கணிப்பொறித் திரையில் 200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு ‘ஏஜென்ட்’. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வயல், ஒரு குணம். ‘பக்கத்து வயல்காரன் நாற்று விட்டால் நானும் விடுவேன்’, ‘மடை திறந்து நாலு நாளில் தண்ணீர் வராவிட்டால் நெல்லை விட்டு உளுந்துக்குப் போவேன்’ என்பது போல. ஊர் மொத்தமும் எப்படி நடக்க வேண்டும் என்று நீங்கள் எங்கேயும் எழுதுவதில்லை. ஓடவிட்டால் அது தானாக வர வேண்டும். சராசரி விவசாயி என்று ஒருவரை வைத்துச் சமன்பாடு போடுவது இங்கே உதவாது. தலைமடைக்காரரையும் கடைமடைக்காரரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் ஆள் எந்த ஊரிலும் இல்லை.

இதற்குப் பெரிய கணக்கு வேண்டும் என்று பயப்படாதீர்கள். அமெரிக்க நகரங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஏன் தனித்தனிப் பகுதிகளில் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வியைத் தாமஸ் ஷெல்லிங் கட்டம் போட்ட பலகையும் சில்லறைக் காசுகளும் வைத்தே ஆராய்ந்தார். 1971-ல் வெளியான அந்த ஆய்வின் விதி ஒரே வரி: அண்டைவீட்டாரில் மூன்றில் ஒரு பங்காவது என்னைப் போன்றவர்கள் இல்லையென்றால் இடம் மாறுவேன். யாரும் பிரிந்து வாழ ஆசைப்படவில்லை. ஆனாலும் காசுகளை நகர்த்த நகர்த்த, ஒரே வகைக் காசுகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்துபோயின. பின்னாளில் பொருளாதார நோபல் வாங்கியவர்தான், ஆனால் இதைச் செய்யக் கணிப்பொறிகூடத் தேவைப்படவில்லை.

உங்கள் தலைப்புக்கு நெருங்கியது பாலித் தீவுக் கதை. அங்கே விவசாயிகளின் நீர்ச் சங்கத்துக்குச் சுபக் என்று பெயர். எந்தச் சுபக் எப்போது நடுவது, எப்போது தரிசு போடுவது என்பதை நீர்க் கோயில்களில் கூடித் தீர்மானிப்பார்கள். 1970-களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் வந்து, கோயிலை விடுங்கள், முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்றார்கள். புகையான் பூச்சியும் எலியும் பெருகின, தண்ணீருக்கும் தட்டுப்பாடு வந்தது. மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து இரண்டு ஆறுகளையும் 172 சுபக்குகளையும் கணிப்பொறியில் வைத்தார். விதி எளிது: வருஷக் கடைசியில் அக்கம்பக்கத்துச் சுபக்குகளைப் பார், யாருக்கு விளைச்சல் அதிகமோ அவர்களுடைய நடவுக் காலத்தைப் பின்பற்று. சில வருஷங்களிலேயே திரையில் உருவான கூட்டமைப்பு, நிஜக் கோயில்களின் வலைப்பின்னலைப் போலவே இருந்தது.

இதில் உங்களுக்கு வேண்டியது ஒன்று உண்டு. மேட்டில் இருப்பவர் தண்ணீர் விஷயத்தில் கீழே இருப்பவரை மதிக்கத் தேவையில்லை. பிறகு ஏன் ஒத்துப்போகிறார்? பூச்சிதான் காரணம். எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்துத் தரிசு போட்டால் பூச்சிக்கு இரை கிடைக்காது. கீழ்வயலைப் பகைத்துக்கொண்டால் அங்கிருந்து புகையான் மேலே வரும். உங்கள் கண்மாயில் தலைமடைக்காரரைக் கட்டுப்படுத்துவது எது? பூச்சியா, கோயில் திருவிழாவா, நீர்ப்பாய்ச்சியின் சொல்லா, சாதியா? அது உங்களுக்குத்தான் தெரியும், புராஜெக்ட் சென்டர் பையனுக்குத் தெரியாது. அவனிடம் கோடு வாங்கினால் அவனுடைய விதியையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள். நான் சொன்ன பெரிய நஷ்டம் அதுதான்.

ஒரு வைவாவில் (பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில்) நடந்ததைச் சொல்கிறேன். காய்கறி வியாபாரிகளைப் பற்றிய ஆய்வு. திரையில் புள்ளிகள் அழகாக ஓடின. புரோகிராமைத் திறந்து பார்த்தால், ஓநாய் ஆட்டைத் தின்னும் இலவச மாதிரி ஒன்றை எடுத்து, ஓநாய்க்கு மொத்த வியாபாரி, ஆட்டுக்குச் சில்லறை வியாபாரி என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஒரு மூலையில் மாற்ற மறந்த ஆடு அப்படியே மேய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. இதே ஆடு இன்னும் எத்தனை ஆய்வேடுகளில் மேய்கிறதோ.

இவர்கள் அடுத்ததாக, ‘பேப்பரும் போட்டுத் தருகிறோம், ஸ்கோபஸ் கேரண்டி’ என்பார்கள். ஸ்கோபஸ் என்பது ஆய்வு இதழ்களின் பட்டியல். ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை கட்டாயம் என்பதை யு.ஜி.சி. 2022-லேயே எடுத்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே அதைப் பிடித்துக்கொண்டிருந்தால், புரோக்கர்கள் பிழைக்காமல் என்ன செய்வார்கள்? இன்னொரு கூட்டம் ‘ஏஜென்ட்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஏஐ ஏஜென்ட் கோர்ஸ் விற்க வரும். அது வேறு சமாசாரம். உங்கள் ஏஜென்ட் ஒரு விவசாயி, அவ்வளவுதான்.

யாருமே கோடு எழுதித் தரக்கூடாதா என்றால், ஒரு விலக்கு உண்டு. உங்கள் கல்லூரியிலேயே கணிப்பொறித் துறை மாணவர் யாராவது உதவலாம், அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால். நீங்கள் ஒரு விதியைத் தமிழில் சொல்ல வேண்டும், அவர் அதைக் கோடாக்க வேண்டும், ஓடவிட வேண்டும், நீங்கள் ‘ஊரில் இப்படி நடக்காது’ என்று மறுக்க வேண்டும். அவர் எழுதி மெயிலில் அனுப்பி, நீங்கள் நன்றியுரையில் பெயர் போடுவது இந்த விலக்கில் சேராது. அவர் நண்பராக இருந்தாலும் சேராது, காசு வாங்காவிட்டாலும் சேராது. உட்கார வேண்டும். ஒரே மாடியில் இருக்கும் இரண்டு துறைகள் சேர்ந்து உட்கார, இரண்டு துறைத்தலைவர், ஒரு முதல்வர் என்று மூன்று கையெழுத்து கேட்பார்கள். மேடையில் மட்டும் ‘பல்துறை ஆய்வு’ என்று முழங்குவார்கள். கேண்டீனில் உட்காருங்கள், அதற்குக் கையெழுத்து வேண்டாம்.

மென்பொருளுக்கு நெட்லோகோ போதும். 1999-ல் யூரி விலென்ஸ்கி உருவாக்கியது, இலவசம். அதில் ஏஜென்டுக்குப் பெயர் ‘ஆமை’, சிரிக்காதீர்கள். ஷெல்லிங் மாதிரியும் அந்த ஓநாய், ஆடும் அதற்குள்ளேயே இருக்கின்றன. முதல் வாரம் ஷெல்லிங் மாதிரியை ஓட்டி, ‘என்னைப் போன்றவர்கள் இத்தனை சதவீதம் வேண்டும்’ என்று அதில் இருக்கும் 30-ஐ 20, 50 என்று மாற்றிப் பாருங்கள். பிறகு இரண்டே விதிகளுடன் உங்கள் கண்மாயைத் தொடங்குங்கள். பத்து விதி போட்டால் எது எதனால் நடந்தது என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது. ஒருமுறை ஓடியதைப் படம் பிடித்து முடிவு என்று எழுதாதீர்கள். யார் எங்கே, யார் முதலில் என்பதில் குலுக்கல் இருப்பதால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வரும், நூறு தடவையாவது ஓட்டுங்கள். அடுத்த வருஷம் கண்மாயில் என்ன நடக்கும் என்று சொல்லவும் இதை எடுக்காதீர்கள்.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன், ஒரு தாளில் உங்கள் இரண்டு விதிகளையும் எழுதி, கடைமடைக்காரர் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் மாற்றி எழுதுங்கள்.